டர்போ பக்கம் ஆயில் கசிவு: டர்போவைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய டீசல் கார் ஒன்றின் பானெட்டைத் திறந்து, டர்போ (சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஓரமாக எண்ணெய் ஈரம் தெரிந்தால், பல ஒர்க்‌ஷாப்களில் முதலில் வரும் பதில் "டர்போ போச்சு, மாத்தணும்" என்பதுதான். உடனே தலையாட்டிவிட வேண்டாம். டர்போவைச் சுற்றித் தெரியும் எண்ணெய் பெரும்பாலும் வேறு எங்கிருந்தோ வந்தது. டர்போவே எண்ணெய் விடுகிறது என்றாலும், அதற்குக் காரணம் பல சமயம் வெளியேதான் இருக்கும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது டர்போ போட்டால், கொஞ்ச நாளில் அதுவும் கசியத் தொடங்கும்.

இந்தக் கட்டுரைக்கு உதாரணமாக 1248 சிசி டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். ஃபியட் வடிவமைத்த இந்த எஞ்சின் மாருதி ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, பிரெஸ்ஸா, டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று ஏகப்பட்ட வண்டிகளில் வந்தது. பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசலை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஓடும் மாருதி டீசல்கள் எல்லாமே வயதானவை. டாக்ஸியாக ஓடி லட்சங்களில் கிலோமீட்டர் பார்த்தவையும் அவற்றில் உண்டு. இந்த வயதில்தான் ஆயில் கசிவு ஆரம்பிக்கும். வேறு டர்போ டீசல் வைத்திருப்பவர்களுக்கும் வேலை முறை இதேதான். பாகங்கள் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

முதல் கேள்வி: வண்டியை ஓட்டலாமா?

லேசான ஈரம், அதில் ஒட்டிய தூசி, தரையில் சொட்டு இல்லை, டிப் ஸ்டிக்கில் அளவு இறங்கவில்லை. இப்படி இருந்தால் அவசரம் ஒன்றுமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்க்கலாம்.

எண்ணெய் கருகும் வாடை வருகிறது, பானெட் ஓரத்தில் புகை எழுகிறது என்றால் ஓட்டாதீர்கள். மலை ஏறும்போதும் நெடுஞ்சாலையில் விரட்டும்போதும் டர்போவின் சைலன்சர் பக்க உறை நெருப்பாகக் கொதிக்கும். அதன்மேல் சொட்டும் எண்ணெய் பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

மூன்றாவது நிலை இன்னும் மோசம். சைலன்சரில் அடர்ந்த நீலப் புகை, டிப் ஸ்டிக்கில் அளவு வேகமாக இறங்குகிறது. இந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. டர்போ வழியாகக் காற்றுக் குழாய்க்குள் போகும் எண்ணெயையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு டீசல் எஞ்சின் தன்னால் ஓடத் தொடங்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, ஹேண்ட் பிரேக்கும் இழுத்து, டாப் கியரில் போட்டு கிளட்ச்சைப் பட்டென்று விட்டு எஞ்சினை அடக்கப் பார்க்கலாம். அது முடியவில்லை என்றால் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். காற்று இழுக்கும் குழாயைக் கையால் அடைக்க எவரும் முயலக் கூடாது.

டர்போவுக்குள் எண்ணெய் எப்படி நிற்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை சுலபம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டர்போவின் நடுத்தண்டு, வண்டி வேகமெடுக்கும்போது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டும். சிறிய கார் டர்போக்களில் 2 லட்சத்தையும் தொடும். அந்த வேகத்தில் தண்டு பேரிங்கைத் தொடாமல், எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டே சுற்றுகிறது. எண்ணெய் ஒரு மெல்லிய பைப் வழியாக ஆயில் பம்ப்பின் அழுத்தத்தோடு மேலே வருகிறது. பேரிங்கைக் கடந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. நுரைத்த எண்ணெய் தன் எடையால் மட்டுமே ஒரு தடித்த ரிட்டர்ன் பைப் வழியாகக் கீழே எஞ்சினுக்கு இறங்குகிறது. அதைத் தள்ளவோ உறிஞ்சவோ எதுவும் இல்லை.

தண்டின் இரண்டு முனையிலும் எண்ணெயைத் தடுப்பது பிஸ்டன் ரிங் மாதிரியான மெல்லிய உலோக வளையம். பலர் நினைப்பதுபோல அங்கே ரப்பர் ஆயில் சீல் கிடையாது. "சீலை மட்டும் மாத்திக் குடுங்க" என்று கேட்பதில் பொருள் இல்லாமல் போவது இதனால்தான். அந்த வளையம் தனியாக எண்ணெயை நிறுத்தாது. வெளியே காற்று அறையிலும் சைலன்சர் பக்கமும் உள்ள அழுத்தம் உள்ளே இருப்பதைவிட அதிகமாக இருப்பதால்தான் எண்ணெய் உள்ளேயே நிற்கிறது.

அப்படியானால், எந்தப் பழுதும் இல்லாத டர்போவும் நான்கு சூழலில் எண்ணெய் விடும். ரிட்டர்ன் பைப் அடைத்து, நடு உறையில் எண்ணெய் நிரம்பினால். எஞ்சினின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் ஏறி, இறங்கும் எண்ணெயை எதிர்த்துத் தள்ளினால். ஏர் ஃபில்டர் அடைத்து, காற்று இழுக்கும் பக்கம் வெற்றிடம் உண்டானால். மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நின்றால். கல்யாண மண்டப வாசலில் ஏசி போட்டபடி வெகுநேரம் நிற்கும் வாடகை வண்டி, புறப்படும்போது ஒரு மூச்சு நீலப் புகை விடுவது இந்த நான்காவது காரணத்தால்கூட இருக்கலாம். அதை மட்டும் வைத்து டர்போவின் கதை முடிந்தது என்று சொல்லிவிட முடியாது.

கழுவி, காயவைத்து, பாருங்கள்

எண்ணெய் படிந்த எஞ்சினை வெறுமனே பார்த்துக் கசிவின் ஊற்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஓடும்போது ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் எண்ணெயை எல்லாப் பக்கமும் இழுத்துப் பூசிவிடும்.

எஞ்சின் முழுக்கக் குளிரட்டும். டீகிரீசர் தெளித்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து எடுங்கள். தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். ஆல்டர்னேட்டரும் சென்சார் கனெக்டர்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. டர்போ மேல் இருக்கும் வெப்பத் தகட்டையும் கழற்றுங்கள். அதன் போல்ட்டுகள் துருவேறி இருக்கும். முந்தின நாளே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் தலை முறியாமல் வரும்.

துடைக்கும்போதே அது என்ன திரவம் என்று பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு தொடு வையுங்கள். எஞ்சின் ஆயில் கறுப்பாக, கெட்டியாக ஒரே இடத்தில் நிற்கும். டீசல் என்றால் தாளில் மளமளவென்று பரவி, ஓரத்தில் மங்கலான வளையம் விடும், வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும். டீசல் ஒழுகிய தடத்தில் பழைய அழுக்கு கரைந்து உலோகம் பளிச்சென்று தெரியும். இன்ஜெக்டர் ரிட்டர்ன் ஹோஸ் கசிந்து வழிந்ததை டர்போ கசிவு என்று எண்ணிப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு.

சுத்தமான பிறகு, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, அப்புறம் சில கிலோமீட்டர் ஓட்டி வந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முதல் ஈரம் எங்கே கறுத்திருக்கிறதோ அங்கிருந்துதான் எண்ணெய் வருகிறது. அதிலும் பிடிபடவில்லை என்றால், எஞ்சின் ஆயிலில் கலக்கும் யுவி சாயமும் அதற்கான நீல டார்ச்சும் ஆன்லைனில் கிடைக்கின்றன. இரண்டு நாள் ஓட்டிவிட்டு இருட்டில் அடித்தால் கசிவு பச்சை மஞ்சளாக மின்னும்.

எப்போதும் மேலிருந்து தொடங்குங்கள்

எண்ணெய் கீழ்நோக்கித்தான் வழியும். ஈரத்தின் மிக உயரமான புள்ளி எது என்பதே உங்கள் கேள்வி.

முதலில் எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவர் ஓரத்தையும் எண்ணெய் ஊற்றும் மூடியையும் பாருங்கள். வயதான எஞ்சினில் டேப்பட் கவர் பேக்கிங் கல்லாக இறுகி, அதன் ஓரமாக எண்ணெய் வழிந்து டர்போ மேல் விழுவது சாதாரணம். அடுத்து ஆயில் ஃபில்டர் உறையும் ஆயில் கூலர் பேக்கிங்கும். ஃபில்டர் மாற்றும்போது பழைய ஓ ரிங்கையே திரும்பப் போட்டிருந்தாலோ மூடியைச் சரியாக முறுக்காமல் விட்டிருந்தாலோ அங்கே ஒழுகும். சர்வீஸ் விட்ட ஒரு வாரத்துக்குள் கசிவு தொடங்கியது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும்.

பிறகு டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய பைப். பல எஞ்சின்களில் இது பேஞ்சோ போல்ட்டால் பிடித்திருக்கும்: நடுவில் துளையுள்ள போல்ட், பைப்பின் வளையத் தலை, அதன் இரு புறமும் ஒவ்வொரு காப்பர் வாஷர். அந்த வாஷர் ஒரு தடவைதான் நசுங்கும். நசுங்கித்தான் இடைவெளியை அடைக்கும். கழற்றியதையே மறுபடி போட்டால், போல்ட் தலையின் கீழே மயிரிழை ஈரம் தெரியும். நகத்தால் தடவினால் உடனே மறுபடி ஊறும். இங்கே அழுத்தத்தோடு எண்ணெய் வருவதால் சின்ன இடைவெளியிலும் நிறைய வெளியேறும். சில பத்து ரூபாய் வாஷர் இரண்டு வாங்கிப் போட்டால் தீர்ந்தது. "இன்னும் கொஞ்சம் டைட் வைத்தால் நின்றுவிடும்" என்று போல்ட்டை முறுக்காதீர்கள். துளையுள்ள போல்ட் என்பதால் சுலபத்தில் முறிந்துவிடும்.

கடைசியாகக் கீழே ரிட்டர்ன் பைப். மேல் முனையில் பேக்கிங், கீழே ஹோஸும் கிளிப்பும். ஹோஸ் வெப்பத்தில் வெந்து வெடித்திருக்கிறதா, எங்காவது நசுங்கி மடிந்திருக்கிறதா, உள்ளே கரி கட்டியிருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஹோஸுக்குள் எண்ணெய் இருந்தால்

ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தால், உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கும். அதைக் காட்டித்தான் பல இடங்களில் டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். எஞ்சினின் மூச்சுக் குழாய், அதாவது பிரீதர் ஹோஸ், இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் ஆவி அதன் வழியே வந்து, டர்போவைக் கடந்து, இன்டர்கூலர் (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) வரை படியும். விரலில் கறுப்பாக ஒட்டும் அளவு மெல்லிய பசை ஆரோக்கியமான எஞ்சினிலும் இருக்கும். ஹோஸின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்பதும், கவிழ்த்தால் ஊற்றுவதும் வேறு விஷயம்.

தேங்கியிருந்தால், எண்ணெய் டர்போவுக்கு முன்னாலிருந்து வருகிறதா, டர்போவிலிருந்தே வருகிறதா என்று பிரிக்க வேண்டும். பிரீதர் ஹோஸின் வாயும் டர்போவுக்கு முந்தைய குழாயும் ஈரமாக இருந்தால் எண்ணெய் எஞ்சினிலிருந்து வருகிறது. அவை காய்ந்திருந்து, டர்போவின் சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் எண்ணெய் என்றால் டர்போவைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து எஞ்சினின் உள்ளழுத்தம். ஐடிலிங்கில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே வாய் மேல் திருகாமல் வையுங்கள். டீசல் என்பதால் லேசாக அதிரும், அது பரவாயில்லை. மூடி குதித்து விழுகிறது, வாயிலிருந்து குபுகுபுவென்று புகை வருகிறது என்றால் பிரீதர் அடைத்திருக்கிறது அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. முதலில் பிரீதரைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். ரிங் தேய்ந்த எஞ்சினில் எத்தனை டர்போ போட்டாலும் எண்ணெய் நிற்காது.

டிப் ஸ்டிக்கையும் மறக்க வேண்டாம். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றும் வழக்கம் நம் ஊரில் நிறைய. அளவு மிகுந்தால் எஞ்சினின் அடியில் சுற்றும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும், பிரீதர் வழியே தள்ளும், டர்போ ரிட்டர்னும் திணறும்.

இன்டர்கூலர் ஹோஸ் இணைப்புகளில் வெளிப்புறம் ஈரமா? அங்கே கிளிப் தளர்ந்து அல்லது ஹோஸ் விரிசல் விட்டு, அழுத்தக் காற்று எண்ணெய் ஆவியோடு வெளியேறுகிறது. கூடவே பிக்கப் குறைவும் கறுப்புப் புகையும் இருந்தால் உறுதி.

டர்போவையே சோதிக்கும் நேரம்

எஞ்சின் குளிர்ந்து, நின்ற நிலையில், காற்று இழுக்கும் வாயில் தெரியும் சக்கரத்தின் நடு நட்டைப் பிடியுங்கள். சுற்றிவிட்டால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு பக்கவாட்டில் ஆட்டுங்கள். எண்ணெய்ப் படலம் இல்லாத நேரம் என்பதால் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே சுற்றும்போது இதழ் உறையைத் தொடக் கூடாது; அதுதான் எல்லை. அப்புறம் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். இந்தத் திசையில் கையால் உணரும்படி 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் முடிந்துவிட்டது. இதழ் முனைகளில் உரசல், உறையில் பளபளக்கும் வட்டக் கீறல் இருந்தாலும் அதே முடிவு.

சைலன்சர் பக்கம் பார்க்க, டர்போவுக்குப் பின்னால் உள்ள பைப்பைக் கழற்ற வேண்டும். டர்போவை இறக்கிய பிறகு, எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுவரும் மேனிஃபோல்டையும் பாருங்கள். மேனிஃபோல்டு உலர்ந்த கரியாக இருந்து, டர்போவின் வெளிவாய் மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தால் அது டர்போவின் எண்ணெய். மேனிஃபோல்டுக்குள்ளேயே எண்ணெய் ஈரம் என்றால் எஞ்சினே எண்ணெயை எரிக்கிறது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

பேரிங் போன டர்போவுக்கு நடுப்பகுதியை மட்டும், அதாவது கோரை மட்டும் மாற்றலாம். பேலன்ஸ் பார்த்த கோரையே வாங்குங்கள். அளவிட்டுப் பார்த்த சான்று கேளுங்கள்; தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

பொருத்துவதற்கு முன் பழைய டர்போ ஏன் போனது என்று பதில் கிடைத்திருக்க வேண்டும். எண்ணெய் வரத்துப் பைப்பில் கரி கட்டிப் பேரிங் காய்ந்ததா? அப்படியென்றால் பைப்பைப் புதிதாகவே போடுங்கள். கழுவினால் முழுக்கப் போகாது. ஏர் ஃபில்டர் சரியாக உட்காராமல் மண் போய் இதழ் தேய்ந்ததா? ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைச் சரிபாருங்கள். ரிட்டர்ன் அடைப்பா?

இந்த இடத்தில் எனக்கு மிகுந்த கவலை தரும் ஒரு பழக்கம் உண்டு. ரிட்டர்ன் பைப் பேக்கிங் கிடைக்கவில்லை என்று சிலிக்கான் பேஸ்ட்டைத் தடவி மூடுவது. இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் காய்ந்து, பாதி வாயை அடைத்துக்கொள்ளும் அல்லது துண்டாகப் பிய்ந்து எஞ்சினுக்குள் போகும். வரத்துப் பக்கத்தில் தடவினால் பேரிங்கின் நூல்போல மெல்லிய துளைகளை அடைத்து டர்போவைக் கொன்றேவிடும். புது கோர் போட்டும் நீலப் புகை நிற்காத வண்டியில் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றினால், உள்ளே இந்தப் பேஸ்ட் நாக்குபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். டர்போவின் எண்ணெய் இணைப்பு எதிலும் பேஸ்ட் வேண்டாம். பேக்கிங்கை ஆர்டர் போட்டு இரண்டு நாள் காத்திருங்கள்.

எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கிரேடு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதாக இருக்கட்டும். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து, உள்ளே தேங்கிய எண்ணெயை வடித்து, கழுவி, முழுக்கக் காயவிட்டுப் பொருத்துங்கள். இதைச் சோம்பலால் விட்டுவிட்டு முதல் நாளே ஆக்சிலரேட்டரை மிதித்தால், அந்த எண்ணெய் எஞ்சினுக்குள் போய் மேலே சொன்ன அடங்காத ஓட்டம் தொடங்கலாம். உடைந்த இதழின் துணுக்கு அதற்குள் கிடந்தால் அதுவும் உள்ளே போகும்.

டர்போவின் எண்ணெய் வாயில் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். வரத்துப் பைப்பைப் புது வாஷரோடு இணையுங்கள். போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), அளவு சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி. ரிட்டர்ன் பைப்பை இணைப்பதற்கு முன், அந்த வாயின் கீழே ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, டீசல் போகாதபடி இன்ஜெக்டர் ஃப்யூஸையோ ரிலேவையோ எடுத்துவிட்டு, சில விநாடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பாட்டிலில் எண்ணெய் விழ வேண்டும். விழவில்லை என்றால் வரத்தில் அடைப்பு. ஸ்டார்ட் செய்யக் கூடாது. விழுந்தால் ரிட்டர்னை இணைத்து, பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடமாவது ஐடிலிங்கில் விடுங்கள்.

பழைய டர்போ சைலன்சருக்குள் கொட்டிய எண்ணெய் எரிந்து தீரும்வரை கொஞ்சம் புகை வரும். நிதானமாக ஓட்டினால் குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். குறையவில்லை என்றால் மறுபடி ரிட்டர்ன் பைப், பிரீதர், ஏர் ஃபில்டர் மூன்றையும் பாருங்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்குள் ஒரு முறை வெப்பத் தகட்டைக் கழற்றி, எல்லா இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். டிப் ஸ்டிக் அளவைச் சமதளத்தில், எஞ்சின் நின்று பத்து நிமிடம் கழித்துப் பார்த்து, கிலோமீட்டரோடு சேர்த்து எழுதி வையுங்கள். நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டுச் சாப்பிட ஒதுங்கினால், நிறுத்தும் முன் ஒரு நிமிடம் ஐடிலிங் கொடுங்கள். கொதிக்கும் டர்போவில் எண்ணெய் ஓட்டம் சட்டென்று நின்றால், உள்ளே இருப்பது அங்கேயே கருகிக் கரியாகிவிடும்.